கண் அறுவையும் மரப்பு மருந்தும்

வயது ஏறினால் கண்ணில் புரை விழுவது இயல்பு. அதை எந்தச் சொட்டு மருந்தாலும் கரைக்க இயலாது. அறுவை ஒன்றே வழி. அரசு மருத்துவமனைகளில் இது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. இருந்தும் தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களில், "கண்ணிலே ஊசி குத்துவார்களாமே" என்று அஞ்சியே பெரியவர்கள் பலர் தள்ளிப் போடுகின்றனர்.

ஊசி விழிக்குள் போடப்படுவதில்லை. விழியைச் சுற்றியுள்ள குழியில்தான் போடப்படுகிறது. வலியை மூளைக்கு எடுத்துச் செல்லும் நரம்பை லிக்னோகெயின் போன்ற மருந்து சிறிது நேரம் தடுத்து நிறுத்துகிறது. வாய்க்காலில் மடையை அடைப்பது போலத்தான். போடும்போது சுருக்கென்று இருக்கும். பின்னர் விழி அசையாது, பார்வையும் மங்கும். கண் போய்விட்டதோ எனக் கலங்க வேண்டாம். மருந்தின் வேகம் தணிந்ததும் அந்த மரப்பு நீங்கிவிடும். இப்போது பலருக்குச் சொட்டு மருந்தாலேயே மரக்கச் செய்து அறுவை நடக்கிறது. எது பொருந்தும் என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

1884-ஆம் ஆண்டு வியன்னா நகரில் கார்ல் கோலர் என்ற இளம் மருத்துவர், கொக்கெயின் கரைசலைத் தவளையின் கண்ணிலும் பின்னர் தம் கண்ணிலும் விட்டு, குண்டூசியால் தொட்டுப் பார்த்தார். வலிக்கவில்லை! அந்த மருந்தில் தீங்கு மிகுதி என்பதால் பாதுகாப்பான வேறு மருந்துகள் பின்னர் வந்தன. முழு மயக்கம் தேவைப்படாததால் முதியவர்களுக்கும் துணிந்து அறுவை செய்ய முடிந்தது. 1976-இல் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஏராளமான கிராமத்தாருக்குப் பார்வை தந்ததும் இம்முறையால்தான்.

சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, இருமல், மருந்து ஒவ்வாமை இருப்பின் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்பவர் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. அறுவையின்போது நினைவு இருக்கும். தலையை அசைக்கவோ, கையைக் கண்ணருகே கொண்டு போகவோ கூடாது. இருமல் வருவது போலிருந்தால் உடனே வாய்விட்டுச் சொல்லவும்.

இன்னொன்று, இது உழவர்களுக்கே உரியது. ராகி தூற்றும்போது உமியோ, கரும்பு வெட்டும்போது தோகையோ கண்ணைக் கீறிவிட்டால், வலி தாளாமல் மரப்புச் சொட்டை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி ஊற்றிக்கொள்ளாதீர்கள். வலி நின்றுவிடும், புண் ஆறாது. திரும்பத் திரும்ப விட்டால் கருவிழியே கரைந்து போகலாம். தாய்ப்பால், தழைச்சாறு ஆகியவையும் வேண்டாம். சுத்தமான தண்ணீரால் கழுவிவிட்டு, கசக்காமல், அன்றைக்கே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கருவிழியில் வெண்புள்ளி தெரிந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம்.