காட்சிச்சாலை காணும் முறை

நாட்றாம்பாளையம் போன்ற சிற்றூர்களினின்று சென்னைக்குச் செல்லும் மாணாக்கராகிய நாம், 1851-இல் நிறுவப்பெற்று இன்று எழும்பூரில் விளங்கும் அரும்பொருட் காட்சிச்சாலையை ஒரு நாழிகையிற் சுற்றி மீள்கின்றோம். அது காண்டலாகாது. ஆங்குள்ள திருவாலங்காட்டு நடராசர் திருவுருவம் ஒன்றன் முன்னேனும் அமைதியாய் நிற்போமாக. மெழுகில் உருச்செய்து, மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகியோடிய வெற்றிடத்தில் உலோகம் வார்த்து, அச்சை உடைத்தெடுத்த வடிவம் அது. அச்சு உடைந்தமையால் அஃதொப்பது பிறிதொன்றில்லை.

இங்ஙனம் நின்று காணப் பழகிய கண், ஊர் திரும்பியபின் வாளாவிராது. ஆநிரை மீட்டு மாண்ட வீரர்க்கு முன்னோர் நட்ட நடுகற்கள் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மிகப்பல. அவற்றுள் ஒன்றை வயல்வரம்பிற் காணுங்கால், வெறுங்கல்லென்று கடப்போமோ? அதனையும் பெயர்த்து இழப்பின் இணையான வேறொன்று கிடையாது. காக்கக் கற்றவரே காட்சிச்சாலையைக் கண்டவராவர்.