துன்பத்தில் கிடைக்கும் அமைதி



தேர்வில் தோல்வி, வீட்டில் நோய், வயலில் நட்டம் என்று துன்பம் வரும்போது, "கடவுள் எங்கே?" என்று மனம் கலங்குகிறது. நம் மாவட்டத்தவர் ஒருவரும் இப்படிக் கலங்கினார்.

அவர் 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை. பத்மநாபபுரம் அரண்மனையில் அலுவல் பார்த்தவர். கால்நடைகள் மடிந்தன, பயிரும் அழிந்தது. மனமுடைந்த அவருக்கு விவிலியத்து யோபுவின் வரலாற்றைச் சொன்னவர் படைத்தலைவர் டி லனாய். அவரும் 1741-இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டவர், துன்பத்தை அறிந்தவர்.

யோபு உடைமைகளையும் பிள்ளைகளையும் இழந்தார். அழுதார், இறைவனிடம் கேள்விகளும் கேட்டார். ஆயினும் இறைவனை விட்டு அகலவில்லை. இவ்வரலாறு நீலகண்டரின் உள்ளத்தைத் தொட்டது. 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

அதன்பின் அவர் துன்பம் குறைந்ததா? இல்லை, கூடியது. 1749-இல் சிறைப்பட்டார். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டு உயிர்நீத்தார். அவரது உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

விசுவாசம் துன்பத்தை விரட்டும் மந்திரமன்று. துன்பத்திலும் இறைவன் நம்மோடு இருக்கிறார் என்ற உறுதியே அமைதி தருகிறது. ஆகவே, மனம் நொந்தால் அதை மறைக்காமல் செபத்தில் சொல்லுங்கள். அழுகின்ற தோழியின் அருகில் சற்று நேரம் அமருங்கள். டி லனாய் செய்த உதவியும் அதுதானே!