சேற்று எரிமலையின் நீர் எவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது?

'எரிமலை' என்றதும் மாணவர்கள் தீக்குழம்பையே நினைப்பார்கள். ஆனால் அசர்பைஜான் நாட்டின் கோபுஸ்தான் பகுதியிலுள்ள சேற்று எரிமலைகளில் சேறு பெரும்பாலும் குளிர்ந்தே இருக்கும். ஆழத்துப் படிவுகளில் அழுத்தத்தோடு அடைபட்ட நீரும் மீத்தேன் வாயுவுமே அதை மேலே தள்ளுகின்றன. மெதுவாக ஏறும் சேறு, வழியிலுள்ள பாறைகளிடம் தன் வெப்பத்தை இழந்துவிடுகிறது. எனவே குழியில் வெப்பநிலைமானியை வைத்து, அது புறப்பட்ட இடத்தின் வெப்பநிலையை அறிய முடியாது.

அப்படியானால் எப்படி அறிவது? நீரில் கரைந்துள்ள பொருள்களே சாட்சி. ஆழத்தில் நீரும் களிமண் கனிமங்களும் நெடுங்காலம் சேர்ந்திருக்கும்போது, வெப்பம் கூடக் கூட லித்தியம் நீருக்குள் வருகிறது. மெக்னீசியம் கனிமங்களுக்குள் செல்கிறது. நீர் குளிர்ந்தாலும் இந்த விகிதம் உடனே மாறிவிடாது. இதிலிருந்து கணக்கிடும் முறைக்கு 'வேதி வெப்பநிலைமானி' என்று பெயர்.

வகுப்பறைச் செயல்பாடு

கணக்கிட்ட வெப்பநிலை 90 டிகிரி செல்சியஸ், தரைமட்ட வெப்பநிலை 15 டிகிரி எனக் கொள்வோம். வேறுபாடு 75 டிகிரி. வகுப்பை இரு குழுக்களாகப் பிரியுங்கள்.

முதல் குழு, பல இடங்களில் காணப்படுவதுபோல், ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு 30 டிகிரி உயர்வதாகக் கொள்ளட்டும்: 75 ÷ 30 = 2.5 கி.மீ.

இரண்டாம் குழு, படிவுகள் விரைவாகக் குவிந்த தெற்கு காஸ்பியன் படுகைக்கு ஏற்ப 15 டிகிரி எனக் கொள்ளட்டும்: 75 ÷ 15 = 5 கி.மீ.

வெப்பநிலை ஒன்றே; ஆழமோ இரு மடங்கு! "எது சரி?" என்று மாணவர்கள் கேட்பார்கள். "அந்த இடத்தின் வெப்ப உயர்வு வீதம் என்ன?" என்று திருப்பிக் கேளுங்கள்.

அடுத்த கேள்வி: வழியில் மெக்னீசியம் மிகுந்த கடல்நீர் கலந்தால்? மெக்னீசியம் கூடும், கணக்கிட்ட வெப்பநிலை உண்மையைவிடக் குறையும், ஆழமும் குறைவாகவே தோன்றும்.

ஒரே முறையை நம்பாமல் வேறு சான்றும் தேட வேண்டும். ஏறத்தாழ 60 முதல் 150 டிகிரிக்குள் ஸ்மெக்டைட் களிமண் இல்லைட்டாக மாறி, உப்பற்ற நீரை வெளியிடுகிறது. ஆகவே, கடற்படிவுகளிலிருந்து வரும் நீரில் உப்பு குறைந்திருந்தால், அதுவும் வெப்பமான ஆழத்தைச் சுட்டும் குறிப்பாகலாம்.

மதிப்பீட்டின்போது விடைக்கு மட்டுமன்றி, 'எதை எடுகோளாகக் கொண்டேன்' என்று எழுதும் மாணவருக்கும் மதிப்பெண் கொடுங்கள். அந்தமானின் பாரடாங் தீவிலும் சேற்று எரிமலைகள் உள்ளன. அங்கு ஆழத்தைக் கணிக்க என்னென்ன அளவுகள் தேவை? பட்டியலிடுவதை வீட்டுப்பணியாகத் தரலாம்.