சிவப்பு ஒயினின் துவர்ப்பு

கேள்வி: சிவப்பு ஒயினைச் சுவைத்ததும் வாய் உலர்ந்தது போலத் தோன்றுவது ஏன்? புதிதாகச் சுவைப்போர் அதை எவ்வாறு மதிப்பிடலாம்?

பதில்: சிவப்பு ஒயின் தயாரிப்பில் திராட்சைச் சாறு தோலோடும் விதையோடும் சேர்ந்தே நொதிப்பதால், அவற்றிலுள்ள டானின் எனப்படும் துவர்ப்புப் பொருள்கள் அதில் மிகுதியாக இறங்கி, உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து அதன் வழுவழுப்பைக் குறைக்கின்றன. உலர்வுணர்வு இதனாலேயே தோன்றுகிறது. பிரான்சின் போர்தோ பகுதியில் புகழ்பெற்ற கபெர்னே சொவிஞான் திராட்சையில் டானின் மிகுதி. பர்கண்டிப் பகுதியின் பினோ நுவார் திராட்சையில் அது பொதுவாகக் குறைவு. எனவே புதிதாகச் சுவைப்போர் இவ்விரண்டின் ஒயின்களையும் அருகருகே வைத்து, முதலில் நிறத்தை நோக்கி, கிண்ணத்தைச் சுழற்றி மணத்தை முகர்ந்து, பின்னர் ஒரு மிடறை வாய் முழுதும் பரவவிட்டுப் புளிப்பையும் துவர்ப்பையும் தனித்தனியே உணர்ந்து ஒப்பிடுவதே சிறந்த பயிற்சியாகும். தொழில்முறைச் சுவைஞர்களைப் போல விழுங்காமல் உமிழ்ந்துவிடுவது புலன்கள் மங்காமல் காக்கும்.