பின் சக்கரத்தின் முனகல்

சிவாஜிநகர்,
பெங்களூரு

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவின் பழைய மாருதி 800-இல் பின்பக்கம் ஒரு முனகல், வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது, கிளட்ச்சை மிதித்தாலும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தாய். கிளட்ச்சை மிதித்துப் பார்த்தது சரியான யோசனை. இஞ்சின் மேல் பழி இல்லை என்று தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பேரிங்தான் என்று முடிவு கட்டாதே. ஏறுமாறாகத் தேய்ந்த டயரும் இதே மாதிரிதான் முனகும். முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார். சத்தம் முன்னால் வந்துவிட்டால் டயர். பின்னாலேயே நின்றால் பேரிங்.

எந்தப் பக்கம் என்பதையும் ஓட்டும்போதே கண்டுபிடிக்கலாம். காலி ரோட்டில் இடப்பக்கம் வளைந்தால் வண்டியின் பாரம் வலப்பக்கம் சாயும். அப்போது முனகல் கூடினால் பெரும்பாலும் வலது சக்கரம். பிறகு ஜாக்கி வைத்துத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டு. பேரிங் கெட்டிருந்தால் ஆட்டம் தெரியலாம். ஆட்டம் இல்லாவிட்டாலும் கையால் சுற்றியபடி, இன்னொரு கையை ஸ்பிரிங் மேல் வை. கெட்ட பேரிங்கின் கரகரப்பு விரலுக்கு எட்டும்.

இங்கே குஜ்ரியில், அதாவது பழைய சாமான் சந்தையில், பழைய பேரிங் ஒன்று பார்த்து வாங்கி அனுப்பச் சொல்லியிருக்கிறாய். அதை மட்டும் செய்ய மாட்டேன். ரசல் மார்க்கெட் பக்கத்துச் சந்துகளில் பிரித்த வண்டிகளின் கதவு, விளக்கு, கண்ணாடி, கியர் பாக்ஸ் எல்லாம் கிடைக்கும். அங்கே நல்ல சாமான் பொறுக்கத் தெரிந்தவர்கள் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. பிரேக் டிரம்கூட, உள்விட்டம் அளந்து பார்த்து வாங்கலாம். பேரிங் வாங்கக் கூடாது. ஏன் என்று புரிந்துகொண்டால் மாற்றும் வேலையில் பாதி உனக்கு வந்த மாதிரி.

பேரிங்கில் வெளி வளையம் ஒன்று, உள் வளையம் ஒன்று, நடுவில் எஃகுக் குண்டுகள். உன் வண்டியில் வெளி வளையம் பிரேக் டிரம்முக்குள் இறுகி உட்கார்ந்திருக்கும். பேரிங்கைக் கழற்ற உள் வளையத்தைத்தான் தட்டுவார்கள். அந்த அடி குண்டுகள் வழியாக வெளி வளையத்துக்குப் போகிறது. குண்டு உருளும் தடத்தில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழுகின்றன. கையில் சுற்றினால் வெண்ணெய் மாதிரிச் சுற்றும். ரோட்டில் ஓடத் தொடங்கிய பிறகு அந்தப் பள்ளங்களில் இருந்துதான் உலோகம் உரியும். டிரம்மிலிருந்து தட்டி எடுத்த பேரிங் என்றால், எடுத்த அன்றே அதன் ஆயுள் போயிற்று.

இதே கணக்கு புதுசு போடும்போதும் பொருந்தும். டிரம்முக்குள் இறக்கும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்து. சக்கரத்தின் அச்சுத் தண்டின் மேல் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும். எந்த அழுத்தமும் குண்டுகளைக் கடந்து போகக் கூடாது. வெளி வளையத்தின் அளவுக்குச் சரியான குழாய்த் துண்டு வைத்து, லேத் பட்டறையில் பிரஸ்ஸில் கொடுத்து இறக்குவதே நல்லது. சுத்தியலால் ஒரு பக்கம் தட்டினால் கோணலாக ஏறி டிரம்மையும் சுரண்டும்.

புது பேரிங்கை ரசீதோடு வாங்கு. ஜெய்ப்பூரில் 1946-இல் தொடங்கிய என்.பி.சி., ஸ்வீடனில் 1907-இல் தொடங்கிய எஸ்.கே.எஃப். இரண்டும் இந்தியாவிலேயே பேரிங் செய்கின்றன, எஸ்.கே.எஃப்.புக்கு நம் பெங்களூரிலேயே தொழிற்சாலை உண்டு. பெயர் பெற்றதாலேயே போலியும் அதிகம். உறையைப் படம் எடுத்து அனுப்பினால் அசலா என்று சொல்ல எஸ்.கே.எஃப். ஒரு கைபேசிச் செயலி வைத்திருக்கிறது. வளையத்தில் பொறித்த எண்ணைப் பழசோடு ஒப்பிடவும் மறக்காதே.

கழற்றும் முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சமதரையில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடு. நடுவிலுள்ள பெரிய நட்டை டயர் தரையில் இருக்கும்போதே தளர்த்திவிடு. தூக்கிய வண்டியில் அவ்வளவு பலம் கொடுத்தால் வண்டி சாயும். பிறகு தூக்கி, ஸ்டாண்ட் வை. ஜாக்கியை மட்டும் நம்பியோ செங்கல் அடுக்கியோ வண்டிக்கடியில் கை விடாதே. இதை உன் அம்மாவுக்காகவும் சொல்கிறேன். கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை விடுவி, இல்லாவிட்டால் டிரம் வராது. டிரம் தேய்ந்து எழுந்த விளிம்பு பிரேக் ஷூவில் பிடித்தால் அட்ஜஸ்டரைத் தளர்த்து. உள்ளே இருக்கும் தூசியைக் காற்றால் ஊதாதே, பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடை. லைனிங்கில் கிரீஸ் பட்டால் பிரேக் பிடிக்காது.

தண்டில் நீலம் பூத்த தழும்போ, விரலில் தட்டும் வடுவோ இருந்தால் அதன் மேல் புது பேரிங் ஏற்றாதே. முதலில் எனக்கு எழுது. பெரிய நட்டு புதுசாகப் போடு. டார்க் ரெஞ்சில் வண்டியின் கையேடு சொன்ன அளவுக்கு முறுக்கு. டயர் தரையில் இறங்கிய பிறகுதான் கடைசி முறுக்கு; அதற்குப் பிறகே கையேடு சொன்ன முறையில் நட்டைப் பூட்டு.

ஓட்டுவதற்கு முன்னால் பிரேக் பெடலைச் சிலமுறை மிதித்து, கெட்டியாக நிற்கிறதா பார். பிறகு மெதுவாக ஒரு சுற்று போய் வந்து, இரண்டு பின் டிரம்களுக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோ. சூடு இரண்டிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். வேலை செய்த பக்கம் அதிகம் சுட்டால் ஷூ உரசுகிறதா, நட்டு அளவுக்கு மேல் இறுகியதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஓட்டு.

அன்புடன்,
மாமா