கால்களை முடக்கும் பருப்பு

வேளாண்மைக்கு மூலதனம் நிலமும் நீரும் மட்டுமல்ல. உழைப்போரின் கால்களும் ஆகும். காய்ச்சலோ காயமோ இன்றி, உண்ட உணவே அக்கால்களின் நடையைப் பறித்துவிடக் கூடும் என்பதை நம் நாட்டு வரலாறு காட்டுகின்றது. கேசரிப் பருப்பினால் உண்டாகும் இந்நோயை மருத்துவர்கள் ‘லத்திரிசம்’ என்பர். இதனைப் பற்றிய ஆராய்ச்சிகள் கிராம மக்களுக்குப் புகட்டும் பாடம் யாது என்பதைக் காண்போம்.

நோயின் இயல்பு

மூளையின் கட்டளையை முதுகுத்தண்டின் வழியே கால்களுக்குக் கொண்டு செல்லும் நரம்புகளை இந்நோய் தாக்குகின்றது. தசைகள் விறைக்கின்றன, முழங்கால்கள் மடங்கி நிற்கின்றன, குதிகால் தரையிற் படாது, நடக்குங்கால் கால்கள் கத்தரிக்கோல் போற் பின்னிக் கொள்கின்றன. முதலில் கோலின்றி நடப்பவர், பின்னர் ஒரு கோலும், அதன்பின் இரு கோல்களும் ஊன்றுவர். நோய் முற்றியவர் தவழ்ந்தே செல்வர். அறிவோ, தொடு உணர்ச்சியோ பெரும்பாலும் குன்றுவதில்லை. இளம் ஆண்களே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர்.

வரலாறு தரும் சான்று

ஸ்லீமன் என்ற ஆங்கில அதிகாரி 1844-இல் வெளியிட்ட நூலில், அக்காலத்துச் சாகர்–நருமதைப் பிரதேசத்துக் கிராமங்களின் நிலையை விவரித்துள்ளார். 1829-இல் கல்மழையாலும், 1830-இல் மழைக்குறைவாலும், 1831-இல் பயிர்நோயாலும் கோதுமை அழிந்தது. கேசரி மட்டும் செழித்து வளர்ந்தது. மக்கள் அதனையே உண்டு உயிர் வாழ்ந்தனர். 1833 முதல், முப்பது வயதிற்குட்பட்டோர் பலர் இடுப்பிற்குக் கீழ் செயலிழந்தனர்.

வறட்சியையும் நீர்த்தேக்கத்தையும் ஒருங்கே தாங்குவது இப்பயிர். நெல் அறுவடைக்கு முன்னரே ஈரவயலில் விதையைத் தூவிவிட்டால் உழவின்றி விளையும். புரதச் சத்தும் மிகுந்தது. ஆகவே பஞ்சகாலத்தில் ஏழைக்கு எஞ்சும் உணவு இதுவேயாகின்றது. மத்தியப் பிரதேசத்தின் ரீவா வட்டாரத்தில் கொத்தடிமைத் தொழிலாளருக்கு இப்பருப்பையே கூலியாக அளந்த வழக்கமும் இருந்தது. கூலியாக வந்ததே அன்றாட உணவாயிற்று, உணவே முடமாக்கிற்று. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டது.

ஆராய்ச்சி கண்ட உண்மை

1964-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ராவ், அடிகா, சர்மா ஆகியோர் இவ்விதையிலிருந்து நரம்பைத் தாக்கும் நச்சுப்பொருளைப் பிரித்தெடுத்தனர். அது ‘ஓடாப்’ எனச் சுருக்கமாக வழங்கப்படும் அமினோ அமிலமாகும். எப்போதாவது சிறிதளவு உண்பதால் நோய் வருவதில்லை. பல வாரங்கள், மாதங்கள் அதுவே முக்கிய உணவாகும்போதுதான் கேடு விளைகின்றது. எத்தியோப்பியாவில் 1990-களின் பிற்பகுதியில் பரவிய நோயை ஆராய்ந்தோர், தானியங்களைக் கலந்து உண்டவர்களுக்கு ஆபத்துக் குறைவு எனக் கண்டனர்.

பருப்பை மிகுந்த நீரில் வேகவைத்து அந்நீரைக் கொட்டிவிட்டால் நஞ்சின் ஒரு பகுதி நீங்கும். ஆயினும் வறட்சிக் காலத்தில் நீரும் விறகும் கிடைப்பது அரிதன்றோ! ஆதலால் விஞ்ஞானிகள் நஞ்சு குறைந்த விதைகளை உருவாக்க முனைந்தனர். ‘ரத்தன்’, ‘மகாதியோரா’ என்னும் இரகங்கள் அவ்வாறு வந்தவை. ஆனால் இழந்த நடையை முற்றும் மீட்டுத்தரும் மருந்து இல்லை. உண்பதை நிறுத்தினால் நோய் மேலும் முற்றாதிருக்கலாம். முடம் பெரும்பாலும் நிலைத்துவிடும்.

நமது கடமை

கேசரி நம் பக்கத்துப் பயிரன்று எனினும், துவரம் பருப்பிலும் கடலை மாவிலும் கலப்படமாக வரக்கூடியது. துவரம் பருப்பு உருண்டையானது. கேசரியோ ஆப்புப் போன்று ஒரு பக்கம் சரிந்து கோணலாயிருக்கும். ஐயம் எழுந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அறிவித்தல் வேண்டும். ஓர் ஊரிலே பலருக்கு ஒரே காலத்தில் கால் விறைத்து நடை தடுமாறினால், அதனை விதியென்று விடாது உடனே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தெரிவித்தல் பஞ்சாயத்தின் பொறுப்பு. அவ்வூரார் உண்பது யாது, உழைப்பிற்குப் பெறுவது யாது என்பதையும் விசாரித்தறிதல் நன்று.

நஞ்சு விதையில் இருந்தது. ஆனால் அவ்விதையன்றி வேறு உணவில்லாத வறுமையே அதனை நோயாக்கிற்று. பயறு, தானியம், கீரை ஆகியவை கலந்த உணவும், நேரிய கூலியும் ஒவ்வொரு வீட்டிற்கும் கிட்டச் செய்வோமாயின், உழைக்கும் மக்களின் கால்களைக் காத்தவர்களாவோம்.