30 பேருக்குக் கொலுச் சுண்டல்

நவராத்திரியில் ஒரே மாலைக்கு 30 பேரை அழைத்திருக்கிறோம். சுண்டலுக்கு எவ்வளவு கடலை வேண்டும்? முன்கூட்டியே செய்தால் ஊசிப்போகாதா?
– வாசகி, கோபாலபுரம்

30 பேருக்கு ஒரு கிலோ வெள்ளைக் கொண்டைக்கடலை தாராளம். ஊறி வெந்தால் இரண்டு கிலோவைத் தாண்டும். முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும்.

சென்னைப் புழுக்கத்தில் சுண்டலைக் கெடுப்பவை தேங்காயும் ஈரமும்தான். காலையில் உப்புப் போட்டு வேகவைத்த கடலையை ஒட்ட வடித்து, ஆறியதும் ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும். மாலையில் கடுகு, மிளகாய் வற்றல், பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்து, கடலை நன்றாகச் சூடேறும்வரை பிரட்டி, விருந்தினர் வரும் நேரத்தில் தேங்காய்த் துருவலைச் சேர்க்கலாம்.

வெள்ளிக்கிழமை இனிப்புச் சுண்டல் என்றால், காராமணி குழையாமல் முழுதாக வெந்த பிறகே வெல்லம் சேர வேண்டும். முன்பே சேர்த்தால் பயறு விறைத்துப்போகும்.

ஒரே மாலையில் நாலைந்து வீட்டுக் கொலுவுக்குப் போகிறவர்கள் அதிகம் என்பதால், தாம்பூலத்தோடு சுண்டலைச் சிறு டப்பாவில் கொடுத்தனுப்புவது அவர்களுக்கு வசதி. அடுக்ககக் காவலர், வீட்டு வேலைக்கு வருபவர், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் ஆகியோரின் பங்குக்கு இன்னும் கால் கிலோ கடலையை ஊறவைத்தால், கொலு தெருவுக்கே பொதுவாகும்.